வெண்ணெய்நல்லூர் வழக்கு

கடவுள் ஒரு மனிதன்மேல் வழக்குப் போட்டு, ஆவணம் காட்டி, ஜெயித்த ஊர் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரதிவாதி எங்கள் ஊர்க்காரர். திருநாவலூரில் பிறந்த நம்பியாரூரர், நாம் சுந்தரர் என்று சொல்பவர். புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் மகளை அவர் மணக்க இருந்த பந்தலில், குடையும் தண்டுமாக ஒரு கிழ வேதியர் வந்து நிற்கிறார். உனக்கும் எனக்கும் ஒரு வழக்கு உண்டு, அதை முடித்துவிட்டு மற்றதைச் செய் என்கிறார். உன் பாட்டன் எனக்கு அடிமை என்று எழுதிக்கொடுத்திருக்கிறான், நீயும் எனக்கு அடிமை என்கிறார். மாப்பிள்ளைக்குக் கோபம் வருகிறது. பித்தனா நீ என்று ஏசிவிட்டு, கிழவரைத் துரத்திப் பிடித்து ஓலையைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வெண்ணெய்நல்லூர் அவையில் காட்டுகிறேன் வா என்கிறார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதைப் பெரியபுராணத்தில் எழுதிய சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. அந்தப் பழக்கம் இந்த இடத்தில் தெரிகிறது. அவையோர் பக்திக்கு மயங்குவதில்லை. அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவது எங்கும் இல்லாத வழக்கம் என்று முதலில் சொல்கிறார்கள். அனுபவம், ஆவணம், அயலார் சாட்சி என்ற மூன்றில் எதைக் காட்டப்போகிறாய் என்று வாதியைக் கேட்கிறார்கள். மூல ஓலை வருகிறது. நானும் எனக்குப் பின் வரும் மரபினரும் வழித்தொண்டு செய்வோம் என்று பாட்டனின் கையெழுத்தில் இருக்கிறது. அதோடும் விடவில்லை. பாட்டன் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்து வரச்செய்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன. நம்பி தோற்கிறார். கடைசியாக அவையோர் கிழவரைக் கேட்கிறார்கள்: இந்த ஊர்க்காரன் என்கிறாயே, உன் வீடு எங்கே? அவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார்.

திருநாவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம், திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரம் மாவட்டம். நடுவில் கரும்பும் சவுக்கும் நெல்லும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டே வளர்கிறார்கள். பிறகு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய், அவர்களில் சிலர் ஆங்கில இலக்கியம் எடுக்கிறார்கள். நவீன யூத இலக்கியம் என்று தனித்தாள் அங்கே இருக்காது. ஆனால் எழுத்தாளர்கள் இருப்பார்கள். ஆர்தர் மில்லரின் விற்பனையாளன் அமெரிக்க நாடகத்தில் வருவான். சால் பெல்லோவும் பெர்னார்ட் மாலமுடும் அமெரிக்க நாவலில் வருவார்கள். பம்பாயில் பெனே இஸ்ரேல் யூதக் குடும்பத்தில் 1924-இல் பிறந்த நிஸிம் எசக்கியேல் இந்திய ஆங்கிலக் கவிதையில் வருவார். காஃப்கா மொழிபெயர்ப்பு வழியாக வருவார், ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேராகத் தமிழாக்கிய ‘விசாரணை’ கையில் இருந்தால் ஆங்கிலம்கூட வேண்டாம். ஆளுக்கொரு தாளில் பிரிந்து கிடக்கும் இவர்களை ஒரே மேசையில் சேர்த்து வைத்துப் படித்தபோது, நான் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் அந்த வெண்ணெய்நல்லூர் அவைதான். இந்த இலக்கியம் முழுக்க ஏதோ ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது.

காஃப்காவிலிருந்து தொடங்கலாம். அவர் 1906-இல் பிராகில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பிறகு தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் பல ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்தவர். ‘விசாரணை’யை எழுதியது 1914-15-இல், அச்சில் வந்தது அவர் இறந்த பிறகு, 1925-இல். முப்பதாவது பிறந்தநாள் காலையில் யோசஃப் க. கைதாகிறான். என்ன குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. விசாரணைக்குப் போகச் சொன்ன இடம் ஏழைகள் குடியிருக்கும் பெரிய கட்டடம். தொட்டியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் ஈரக்கையால் பக்கத்து அறையின் கதவைக் காட்டுகிறாள். உள்ளே கூட்டம். மேல்மாடத்தில் நிற்பவர்களுக்கு நிமிர இடமில்லை. கூரை இடிக்காமலிருக்கத் தலைக்குத் தலையணை வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறார்கள். இதற்கு மேலும் நீதிமன்றங்கள் உண்டு, அவற்றைப் பார்த்தவர் எவரும் இல்லை. முப்பத்தோராவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவில் இரண்டு பேர் வந்து அவனைக் கல்குவாரிக்கு அழைத்துப் போய்க் கொல்கிறார்கள். குற்றச்சாட்டு எழுதிய தாள் கடைசிவரை அவன் கண்ணில் படவில்லை.

திருநாவலூர்க்காரன் இதைப் படித்தால் ஒன்று உடனே உறைக்கும். நம்பிக்கு ஓலை காட்டப்பட்டது. கிழித்துப் போடவும் அவருக்கு வாய்த்தது. மூலம் வந்தது, கையெழுத்து ஒப்பிடப்பட்டது, வாதியின் வீடு எது என்று கேட்க முடிந்தது. யோசஃப் க.வுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவனுக்கு வழக்கு மட்டும் இருக்கிறது. காஃப்காவின் மூன்று தங்கைகளும் பின்னால் நாஜிகளின் கையில் மடிந்தார்கள். அண்ணன் 1924-லேயே போய்விட்டார். நாவலை அந்தப் படுகொலையின் முன்னறிவிப்பு என்று படிப்பதை நான் விரும்புவதில்லை, அது நாவலைச் சின்னதாக்கிவிடும். ஆனால் குற்றச்சாட்டைக் காட்டாமலே தண்டிக்கும் அவையை 1914-இல் ஒருவர் அத்தனை நுணுக்கமாக எழுதினார் என்பதைக் கடந்து போகவும் முடியவில்லை.

பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுமா என்ற கேள்வி யூத மரபின் நடுவிலேயே இருக்கிறது. உபாகமத்தில் மோசே உடன்படிக்கையைச் சொல்லும்போது, இன்று இங்கே நிற்பவர்களோடு மட்டுமல்ல, இன்று இங்கே இல்லாதவர்களோடும் இதைச் செய்கிறேன் என்கிறார். பிறக்காதவனும் கையெழுத்துப் போட்டவனாகிறான். தல்மூதில் இதற்கு ஒரு கதை உண்டு. சீனாய் மலையை இஸ்ரவேலரின் தலைக்குமேல் பீப்பாயைப்போல் கவிழ்த்துப் பிடித்து, ஏற்றுக்கொண்டால் சரி, இல்லையென்றால் இங்கேயே உங்கள் கல்லறை என்றாராம் கடவுள். அடுத்த வரியிலேயே ஒரு ரபி சொல்கிறார்: அப்படியானால் வற்புறுத்தி வாங்கிய ஒப்பந்தம் என்று சொல்லி மறுக்க இடமிருக்கிறதே! வேதத்தின் உரைக்குள்ளேயே வேதத்துக்கு எதிரான சட்ட வாதத்தை எழுதி, அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள். இந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

வழித்தொண்டு என்பது பாட்டில் இனிக்கும், வாழ்க்கையில் அல்ல. எங்கள் மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார்கள் ஆட்சி. மலைவாழ் மக்கள் தங்கள் நிலத்திலேயே ஜாகீருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976-இல்தான் வந்தது. அப்பன் பட்ட கடனுக்கு மகன் உழைப்பது என்றால் என்ன என்று தெரிந்த மாவட்டம் இது. அதனால்தான் ஓலையைக் கிழித்த கையை என்னால் குறை சொல்ல முடிவதில்லை. அந்தக் கணத்தில் நம்பி செய்தது நியாயம்.

இத்திஷ் மொழிக் கவிஞர் கடியா மொலொடொவ்ஸ்கி 1935-இல் அமெரிக்காவுக்குப் போனவர். ஐரோப்பாவில் அவருடைய மக்களும் அவருடைய மொழியைப் பேசியவர்களும் அழிக்கப்பட்ட செய்தி முழுதாக வந்து சேர்ந்த பிறகு, 1945-இல், இரக்கமுள்ள கடவுளை விளித்து ஒரு கவிதை எழுதினார். கவிதை கேட்பது இதுதான்: வேறொரு மக்களைத் தேர்ந்தெடுத்துக்கொள். செத்துச் செத்து நாங்கள் களைத்துவிட்டோம். கொடுத்த மகிமையைத் திரும்ப எடுத்துக்கொள். நம்பி கிழித்தது நகல். மொலொடொவ்ஸ்கி மூல ஓலையையே நீட்டி, ரத்துசெய் என்கிறார். இதில் என்னை நிறுத்திய ஒன்று, அவர் யாரிடம் கேட்கிறார் என்பது. கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அன்று அதற்குத் தடையே இல்லை. ஆனால் ஒப்பந்தத்தை முறிக்கவும் எதிர்த்தரப்பு எதிரில் இருந்தாக வேண்டும். விலகல் மனுவே வழிபாட்டின் வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

எலீ வீசலின் நாடகத்தில் அவையின் இருக்கைகள் முழுக்க மாறிவிடுகின்றன. வீசல் 1944-இல் பதினைந்து வயதில் சிகெட் ஊரிலிருந்து ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கே ஓர் இரவு, தன் பிள்ளைகளைக் கொல்லவிட்டதற்காகக் கடவுளை வேதம் கற்ற மூன்று யூதர்கள் விசாரித்ததைக் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். தீர்ப்புச் சொன்ன பிறகு அவர்கள் மாலைத் தொழுகைக்கு எழுந்தார்கள் என்று சொல்வார்கள். அதை நேராக மேடையேற்ற அவருக்கு வழி கிடைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1979-இல் வந்த ‘கடவுளின் விசாரணை’யில் காலத்தை 1649-க்குத் தள்ளினார். ஊர் ஷாம்கொரோட். யூதர்களைக் கும்பல் கொன்று தீர்த்த ஊர். மிச்சம் விடுதிக்காரன் பெரிஷும் அவன் மகள் ஹன்னாவும். பூரிம் பண்டிகை இரவில் ஊர் ஊராகப் போய் நடிக்கும் மூன்று கலைஞர்கள் வருகிறார்கள். நாடகம்தானே வேண்டும், கடவுள்மேல் வழக்கு நடத்துவோம், நான் வாதி என்கிறான் பெரிஷ். எல்லாப் பாத்திரத்துக்கும் ஆள் கிடைக்கிறது. கடவுளுக்கு வக்கீல் மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் சாம் என்ற அந்நியன் ஒருவன் முன்வருகிறான். அழகாகப் பேசுகிறான், பக்தியாகப் பேசுகிறான், கடவுளின் நீதியைப் பழுதில்லாமல் நிறுவுகிறான். முடிவில்தான் தெரிகிறது, அவன் சாத்தான். அடுத்த கொலைக்கும்பல் வாசலுக்கு வரும்போது, மதம் மாறினால் பிழைப்பாய் என்று பாதிரியார் சொல்கிறார். பெரிஷ் மறுக்கிறான். யூதனாக வாழ்ந்தேன், யூதனாகவே சாவேன், சாகும்வரை கடவுளை எதிர்த்துக் குற்றம் சாட்டிக்கொண்டே இருப்பேன் என்பது அவன் நிலை.

கடவுளுக்காகக் குறையில்லாமல் வாதாடுபவனைச் சாத்தானாக்கியதை நான் நாடக உத்தி என்று மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல வருகிறவர் யார் சார்பில் பேசுகிறார் என்று வீசல் கேட்கிறார்.

இரண்டு கதையிலும் ஒரு கல்யாணம் குலைகிறது. ஹன்னாவைக் கும்பல் சீரழித்தது அவளுடைய மணநாளில். அவள் மேடையில் ஏறக்குறைய பேசாமலே நடமாடுகிறாள். புத்தூரில் பந்தலிலேயே விடப்பட்ட பெண்ணுக்குப் பெயர்கூட நம் நினைவில் நிற்கவில்லை. சடங்கவியின் மகள், அவ்வளவுதான். அவள் நம்பியையே நினைந்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சேக்கிழார் சொல்லிவிட்டு நகர்கிறார். ஊருக்கு ‘மணம் தவிர்ந்த புத்தூர்’ என்று பெயர் நின்றது. அந்த அவை பாட்டனின் எழுத்தைத் தேடி எடுத்தது, பேரனைக் கேட்டது, வாதியின் வீட்டைக் கேட்டது. பந்தலில் இருந்தவளை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. ஹன்னாவைப் பார்த்த பிறகே எனக்கு அவள் கண்ணில் பட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டையும் தராசில் வைக்கக் கூடாது. ஒன்று புராணம், அடியவன் தோற்றாலும் அணைக்கப்படும் கதை. மற்றது சாம்பல். அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டதற்குப் பிறகு எழுதப்பட்ட வரிகளைத் தேவாரத்தோடு ஒப்பிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று முடிப்பது அந்த இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். யூதர்களுக்கு இந்த மண்ணில் வேறு விதமான ஓலையும் கிடைத்திருக்கிறது. சுமார் கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக்குழு உரிமையும் எழுபத்திரண்டு உரிமைகளும் கொடுத்துச் செப்பேட்டில் வட்டெழுத்தில் பொறித்தான். ரப்பான் வழிவந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் மருமக்களுக்கும், உலகும் சந்திரனும் உள்ளவரை. கொச்சி யூதர்கள் அந்த அரசனைச் சேரமான் பெருமாள் என்றே நினைவில் வைத்திருந்தார்கள். சுந்தரரின் தோழர் பெயரும் சேரமான் பெருமாள். காலம் வேறு, ஆள் வேறு. ஆனால் சுந்தரர் வெள்ளை யானை ஏறியதாகச் சொல்லும் திருவஞ்சைக்களமும், செப்பேட்டின் முயிரிக்கோடும் அதே கொடுங்கல்லூர்ப் பக்கம்தான். அந்தச் சமூகத்தின் பெண்கள் மலையாளப் பாட்டுகளை நோட்டுகளில் எழுதிக் காப்பாற்றினார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனபோது நோட்டுகளும் கூடவே போயின. நாட்டை விட்டது துரத்தப்பட்டு அல்ல என்பதை நாம் நன்றியோடு சொல்லிக்கொள்ளலாம்.

நிஸிம் எசக்கியேல் அந்தத் துரத்தல் அறியாத யூதர். அவருடைய தேள் கவிதை நம் மாணவர்களுக்குத் தெரியும். மழையில் அரிசி மூட்டைக்கடியில் ஒதுங்கிய தேள் அம்மாவைக் கொட்டுகிறது. ஊர்க்காரர்கள் முன்வினை, பாவம், புண்ணியம் என்று சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். விஷம் இறங்கிய பிறகு, தேள் பிள்ளைகளை விட்டுத் தன்னைத் தேர்ந்ததே என்று அம்மா கடவுளுக்கு நன்றி சொல்கிறாள். வகுப்பில் அது தாய்ப்பாசக் கவிதையாக முடிந்துவிடும். அதே கவிஞர் 1982-இல் ‘பிற்காலச் சங்கீதங்கள்’ வெளியிட்டார், அடுத்த ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசும் வந்தது. அதில் தாவீதின் சங்கீதங்களில் சிலவற்றை எடுத்து எதிரில் உட்கார்ந்து பேசுகிறார். துன்மார்க்கன், நீதிமான் என்று அத்தனை தெளிவாக மனிதரைப் பிரிக்க முடியுமா என்று கேட்கிறார். பம்பாயில், யாரும் அவரைத் துரத்தாத ஊரில் இருந்துகொண்டும் அந்தக் குரல் வாதாடுகிறது. துன்பம்தான் வாதத்தைப் பிறப்பிக்கிறது என்று நினைத்திருந்தவனுக்கு இது வேறொன்றைக் காட்டியது. வாதாடும் உரிமை முன்பே இருந்தது. பெருந்துன்பம் வந்தபோது அவர்கள் கையில் இருந்த ஒரே உடைமையும் அதுதான்.

சுந்தரருக்கும் அந்த உரிமை முதல் நாளே வழங்கப்பட்டது. வழக்கில் வென்ற கடவுள் தோற்றவனிடம் கேட்டது பாட்டு. எப்படித் தொடங்குவேன் என்றதற்கு, பந்தலில் பித்தன் என்று ஏசினாயே, அதையே முதற்சொல்லாக வை என்றார். வன்மை பேசியதற்காகவே வன்தொண்டன் என்று பெயரும் இட்டார். ஏழாம் திருமுறை முழுக்க அந்தப் பெயருக்கு அவர் உண்மையாக இருந்தார். ஆனால் நாம் அவரை எப்படிப் படிக்கிறோம்? முடிவு தெரிந்து படிக்கிறோம். கண் போனது, பிறகு வந்துவிட்டது. ஆகவே நடுவில் அவர் கோபப்பட்டது தோழமை உரிமை, திருவிளையாடல், செல்லச் சண்டை. விரிவுரைகள் அப்படித்தான் சொல்கின்றன. பதில் வராத இலக்கியத்தை ஓராண்டு முழுக்கப் படித்துவிட்டு எங்கள் ஊர்க்காரரிடம் திரும்பியபோது, அந்தச் செல்லச் சண்டையை என்னால் காண முடியவில்லை. கோபத்தின் சூடு அப்படியே இருந்தது. முடிவு தெரியாத ஒருவர் அங்கே நடந்துகொண்டிருந்தார்.

திருவொற்றியூரில், தான் மணக்கப்போகும் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று நம்பி சத்தியம் செய்ய வேண்டும். கோயிலில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழமரத்தில் போய் இரும் என்று நம்பி கடவுளிடம் ஏற்பாடு செய்துகொள்கிறார். கடவுள் சங்கிலியாரின் கனவில் போய், மகிழின் கீழே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். வசந்தம் வருகிறது, ஆரூர் நினைவு இழுக்கிறது, எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் போகின்றன. தவறு நம்பியுடையது, சந்தேகமில்லை. ஆனால் பிடித்துக்கொடுத்தவரும் நண்பரே. அங்கிருந்து ஆரூர்வரை ஒரு குருடர் நடக்கிறார். காஞ்சியில் ஒரு கண் வரும் என்று அவருக்குத் தெரியாது. ஆரூரில் மற்றக் கண்ணுக்காக நிற்கும்போது, மீளா அடிமைகளை இப்படி வாட விட்டுவிட்டு நீர் மட்டும் நன்றாக இருந்துகொள்ளும் என்ற பொருளில் அவர் பாடுவதை, பெரிஷ் தன் விடுதியில் சொல்லியிருக்கலாம். மொலொடொவ்ஸ்கி நியூயார்க்கில் எழுதியிருக்கலாம். அவ்வளவு பேசிய பிறகும் விட்டுப் போகாதவர்களின் பேச்சு அது. போய்விட்டவர்களுக்கு இத்தனை கோபம் இருக்காது.

அந்த வழியில் வெண்பாக்கம் என்றொரு ஊர். கோயில் முன் நின்று, உள்ளே இருக்கிறீரா என்று கேட்கிறார். இருக்கிறோம், நீ போ என்கிற மாதிரி ஒரு பதில் வருகிறது. கண் வரவில்லை, ஊன்றுகோல் வருகிறது. முன்பு அந்தப் பதிலைக் கல்நெஞ்சம் என்று நினைத்துக் கடந்திருக்கிறேன். அத்தனையும்கூட வராமல், சரக்கு ரயில் பெட்டிக்குள் பூட்டப்பட்டவர்களைப் பற்றி எழுதிய கவிஞர்களைப் படித்த பிறகு, ‘இருக்கிறோம்’ என்ற பாதியை அவர் எத்தனை காதம் சுமந்துகொண்டு நடந்திருப்பார் என்று தோன்றுகிறது. பழைய வெண்பாக்கம் இன்று இல்லை. 1944-இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்காகக் கோயிலைப் பெயர்த்துக் கரையோரம் வைத்தார்கள். சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் தரும் ஏரிகளில் அது ஒன்று. கோயிலில் ஊன்றீசுவரர். சேக்கிழார் சொல்லாத ஒன்றை அங்கே சொல்கிறார்கள்: கோலைக் கொடுத்ததும் நம்பி ஆத்திரத்தில் அதை வீசினார், அது நந்தியின் கொம்பில் பட்டு அதை ஒடித்தது. எதிரே இருக்கிறது கொம்பு ஒடிந்த நந்தி. குழந்தையோடு வருகிறவர்கள் ஏன் ஒடிந்தது என்று அதைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.